ஒரு வாளித் தண்ணீர் கூடினால்

ஆடி மாதத்தில் கான்சாபுரத்தில் வாசல் தளம் போடுவது காற்றோடு போட்டி போடும் வேலை. விருதுநகர் மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர் அது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், மழையை இறக்கிவிட்டு ஈரம் வற்றிப்போய் இந்தப் பக்கம் சரிந்து வரும். அம்மியையே பறக்கவிடும் என்று பேர் வாங்கிய அந்தக் காற்று, அப்போதுதான் கொட்டிய கான்கிரீட்டின் மேல்தோலில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

காலையிலேயே கலவை மெஷின் சுற்றத் தொடங்கிவிடும். முக்கால் இஞ்ச் ஜல்லி ஒரு குவியல், எம்-சாண்ட் ஒரு குவியல், நிழலில் அடுக்கிய சிமெண்ட் மூட்டைகள், டிரம்மில் தண்ணீர். 10 மணிக்கு வெயில் ஏறியதும் கலவை சட்டியிலேயே இறுக ஆரம்பிக்கும். மட்டப்பலகை இழுக்கிற கொத்தனாரின் கை நிற்கும். “இறுகிக் கெடக்குது, இன்னொரு வாளி ஊத்து தாயி” என்று மெஷின் பக்கம் குரல் போகும். வீட்டுக்காரர் தயங்கிப் பார்த்தால், “இளக்கமா இருந்தாத்தான் அண்ணாச்சி மட்டம் ஒழுங்கா வரும்” என்று பதில் வரும். வாளி கவிழும். கலவை பாயசம் மாதிரி ஓடும். எல்லோருக்கும் வேலை லேசாகிவிடும்.

அந்த ஒரு வாளிக்குக் கான்சாபுரம் மெதுவாகத்தான் விலை கொடுக்கும். தளம் முதலில் பளபளவென்று இருக்கும். பிறகு பெருக்கப் பெருக்க மாவு உதிரும், மயிரிழை விரிசல் ஓடும், சக்கரம் ஏறும் இடம் தேயும். இதெல்லாம் நடந்து முடிய ஆண்டுகள் பல ஆகும். அதற்குள் கொத்தனாரும் மாறியிருப்பார், காரணமும் மறந்திருக்கும். ஆனால் கனடாவின் டொரன்டோ வட்டாரத்தில், தமிழர்கள் அடர்த்தியாக வாழும் ஸ்கார்பரோவிலோ அதை அடுத்த மார்க்கம் நகரிலோ, ஒரு வீட்டின் கார் வாசலில் அதே தவறு நடந்தால் ஒரே பனிக்காலத்தில் தெரிந்துவிடும். பனி உருகும் பங்குனியில் தளத்தின் மேல்தோல் அப்பளம் அப்பளமாக உரியும். உள்ளே இருக்கும் ஜல்லி வெளியே தெரியும்.

பனி அங்கே புதிதாக எந்தத் தவறையும் செய்வதில்லை. கலக்கும்போதே நடந்துவிட்ட தவறை விரைவாக வெளியே கொண்டுவருகிறது. அதனால்தான், கடுங்குளிரில் பல பத்தாண்டுகள் நிற்கும் தளத்தை எப்படிப் போடுகிறார்கள் என்பது பனியையே பார்க்காத கான்சாபுரத்துக்கும் வேண்டிய அறிவு ஆகிறது.

சிமெண்ட் இந்த வட்டாரத்துக்குப் புதுச் சரக்கு அல்ல. ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்றைய ராம்கோ சிமெண்ட்ஸ் அதுதான். அதன் முதல் ஆலை இதே விருதுநகர் மாவட்டத்தில், அவர் பெயரையே தாங்கி நிற்கும் ராமசாமி ராஜா நகரில் இருக்கிறது. மாவட்டத்தின் ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலையும் உண்டு. இரண்டையும் இங்கே இழுத்து வந்தது மண்ணுக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல். அதையும் களிமண் வகையறாவையும் சேர்த்துச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டால் உருண்டை உருண்டையாகக் கிளிங்கர் கிடைக்கும். கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட்.

இந்தப் பொடி தண்ணீர் பட்டதும் என்ன செய்கிறது என்பதில்தான் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. சிமெண்ட் காய்ந்து இறுகுகிறது என்று நினைக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அப்படி இறுகும். அடுப்பில் பாலின் தண்ணீர் வற்ற வற்றத்தான் அது கெட்டிப்படும். சிமெண்ட் அதற்கு நேர்மாறு. அது தண்ணீரை விட்டு இறுகுவதில்லை, தண்ணீரைத் தனக்குள் கட்டிக்கொண்டு இறுகுகிறது. சிமெண்டில் உள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண் இழைகளும் தகடுகளுமாக ஒரு பசையை வளர்க்கின்றன. அந்தப் பசைதான் மணலையும் ஜல்லியையும் பிடித்து ஒரே கல்லாக்குகிறது. தண்ணீர் முன்கூட்டியே ஆவியாகிப் போனால் வினை பாதியில் நின்றுவிடும். மேலே காய்ந்து கெட்டியானது போலத் தெரியும். உள்ளே வினைபுரியாத சிமெண்ட் பொடியாகவே தங்கிவிடும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 100 கிலோ சிமெண்டோடு வேதிமுறையில் கட்டுண்டு போவது சுமார் 23 லிட்டர்தான். பசையின் நுண்ணிய இடுக்குகளில் சிக்கிக்கொள்வது இன்னும் 15 முதல் 19 லிட்டர். ஆக 100 கிலோவுக்குச் சுமார் 40 லிட்டர், 50 கிலோ மூட்டைக்கு 20 லிட்டர். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் கலவை கைக்கு இளக்கமாக இருப்பதற்காக மட்டுமே. வினையில் அதற்கு வேலை இல்லை. இறுகிய பிறகு அது இருந்த இடம் நுண் குழாய்களாக, ஒன்றோடொன்று தொடர்புள்ள துளைகளாக மிஞ்சும். சிகாகோவில் ஆய்வு செய்த டஃப் ஏப்ரம்ஸ் இதை 1918இலேயே தெளிவாகச் சொன்னார்: கான்கிரீட்டின் வலிமையை முதன்மையாகத் தீர்மானிப்பது சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம்.

ஒரு மூட்டை பிடிக்கும் மெஷினை எடுத்துக்கொள்வோம். நீர்-சிமெண்ட் விகிதம் 0.45 என்றால் 22.5 லிட்டர் தண்ணீர். அதில் 10 லிட்டர் வாளி ஒன்று கூடுதலாகக் கவிழ்ந்தால் 32.5 லிட்டர், விகிதம் 0.65. வலிமை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறங்கிவிடக்கூடும். எம்-சாண்ட் முந்தின நாள் மழையில் நனைந்திருந்தால் இன்னும் மோசம். 5 சதவீத ஈரமுள்ள மணல் 100 கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீரை யாருக்கும் தெரியாமல் உள்ளே கொண்டுவரும். அதைக் கழித்துக்கொண்டுதான் டிரம்மிலிருந்து அளக்க வேண்டும்.

வலிமை குறைவதைக் கூட வீட்டு வாசல் தாங்கிக்கொள்ளும். துளைகளைத்தான் தாங்காது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் சிமெண்ட் சங்கத்தில் வாழ்நாள் முழுவதும் இந்தத் துளைகளோடு மல்லுக்கட்டியவர் டி.சி. பவர்ஸ். பசை வளர வளர, துளைகளுக்கு இடையிலான பாதைகள் அடைபட்டுக்கொண்டே வரும். எத்தனை நாள் ஈரமாக வைத்தால் பாதைகள் முழுவதும் அடைபடும் என்பதை 1959இல் அவரும் சக ஆய்வாளர்களும் அளந்து சொன்னார்கள். விகிதம் 0.45 என்றால் 7 நாள். 0.50 என்றால் 14 நாள். 0.60க்கு 6 மாதம். 0.70க்கு ஓராண்டு. அதற்கு மேல் போய்விட்டால் எத்தனை காலம் தண்ணீர் கட்டினாலும் அடைபடாது. அந்த ஒரு வாளி எவ்வளவு பெரிய பள்ளத்தில் தள்ளுகிறது என்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு வேறு இல்லை. ஒரு வாரம் நனைத்தாலே அடைபட்டிருக்க வேண்டிய தளம், அரை ஆண்டுக்கு மேல் நனைத்தால்தான் அடைபடும் தளமாகிவிடுகிறது. யார் வீட்டு வாசலில் அரை ஆண்டு சாக்குப் போட்டு நனைக்க முடியும்?

இனி ஸ்கார்பரோவின் மார்கழிக்குப் போகலாம்.

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி ஃப்ரீசரில் மறந்துவிட்டவர்களுக்கு இது தெரியும். கான்கிரீட்டின் ஒவ்வொரு நுண்துளையும் அப்படி ஒரு பாட்டில். துளை 91.7 சதவீதத்துக்கு மேல் நிறைந்திருந்தால் உறையும்போது இடம் போதாது. மிச்சத் தண்ணீர் பக்கத்து இடுக்குகளுக்குள் நெருக்கித் தள்ளப்படும். போக வழி இல்லையென்றால் அந்த அழுத்தம் சுவரைப் பிளக்கும். பகலில் வெயில் பட்டுப் பனி உருகும், அந்தப் பிளவிலும் தண்ணீர் இறங்கும், இரவில் மறுபடி உறையும். ஆறு மாதம் தொடர்ந்து பூஜ்யத்துக்குக் கீழேயே கிடக்கும் இடத்தைவிட, பூஜ்யத்தை இப்படி அடிக்கடி மேலும் கீழுமாகத் தாண்டும் டொரன்டோ போன்ற இடம்தான் கான்கிரீட்டை அதிகம் சோதிக்கும்.

இதற்கு மருந்து கிடைத்த கதை சுவையானது. 1930களில் நியூயார்க் மாநிலத்தில் சாலைகளை ஆராய்ந்தபோது, பனியிலும் உப்பிலும் பக்கத்துத் துண்டுகள் உரிந்துபோக, சில துண்டுகள் மட்டும் முழுசாக நின்றன. அவற்றின் கான்கிரீட் மற்றதைவிட எடை குறைந்து இருந்தது. துப்புத் துலக்கிப் போனால், அந்தச் சிமெண்ட் வந்த ஆலையில் எளிதாக அரைபடட்டும் என்று மாட்டுக் கொழுப்பைச் சேர்த்திருந்தார்கள். கொழுப்பு கலவையில் சோப்பு போல வேலை செய்து, கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளை உள்ளே தங்கவைத்துவிட்டது. பூந்திக்கொட்டையைத் தண்ணீரில் அலசினால் நுரை நிற்கிறதே, அதே வித்தை. உறையும் தண்ணீர் நெருக்கும்போது பக்கத்தில் காலியான குமிழி ஒன்று இருந்தால், தண்ணீர் அதற்குள் ஒதுங்கிக்கொள்ளும். சுவர் தப்பிக்கும்.

பிற்பாடு இதற்கென்றே மருந்துகள் வந்தன. பைன் மரத்தின் அடிக்கட்டைகளிலிருந்து எடுத்த பிசின் அவற்றில் முதன்மையானது. குமிழிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்ற கணக்கை 1940களில் போட்டவரும் அதே பவர்ஸ்தான். பசையின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் ஒரு குமிழி ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இதற்கு ஒரு விலையும் உண்டு: ஒவ்வொரு சதவீதக் காற்றுக்கும் வலிமையில் சுமார் 5 சதவீதம் போகும். அந்த இழப்பைத் தண்ணீரைக் குறைத்து ஈடுகட்டுவார்கள். சுற்றிச் சுற்றி மறுபடியும் தண்ணீருக்கே வந்து நிற்கிறோம்.

கனடாவின் சி.எஸ்.ஏ. ஏ23.1 என்னும் தரநிலை இதையெல்லாம் ஒரு வரியில் அடக்கிவிடுகிறது. பனியும் உப்பும் சேர்ந்து தாக்கும் வாசல் தளம், நடைபாதை போன்றவை சி-2 வகை. 28 நாளில் 32 மெகாபாஸ்கல் வலிமை, நீர்-சிமெண்ட் விகிதம் அதிகபட்சம் 0.45, 20 மில்லிமீட்டர் ஜல்லிக் கலவையில் 5 முதல் 8 சதவீதம் காற்று. அங்கே தார் போட்ட வாசல்களும் இன்டர்லாக் கல் பதித்த வாசல்களும் ஏராளம். கான்கிரீட்டுக்குப் போகிறவர் ரெடிமிக்ஸ் லாரிக்குச் சொல்லும்போது ‘சி-2’ என்று சொல்லாவிட்டால் பணம் முழுவதும் பனிக்குத்தான். லாரி வந்து நின்றபின், கலவை கெட்டியாக இருக்கிறது என்று டிரம்முக்குள் ஹோஸ் பைப்பை நீட்டுவதும் கான்சாபுரத்து வாளியும் ஒன்றே. இளக்கம் வேண்டுமென்றால் அதற்குப் பிளாஸ்டிசைசர் இருக்கிறது. சிமெண்ட் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் அது பிரித்துவிடும். தண்ணீர் கூடாமலே கலவை வழுக்கிக்கொண்டு ஓடும். கட்டுமானக் கடைகளில் ‘கெமிக்கல்’ என்று கேட்டால் நம் ஊரிலும் கிடைக்கும்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000இலும் உறைபனிப் பகுதிக்கான விதி இருக்கிறது. உறைந்து உருகும் இடத்தில் 20 மில்லிமீட்டர் ஜல்லிக் கலவைக்கு 5 சதவீதம் காற்று, ஒன்று முன்பின் இருக்கலாம் என்கிறது. லே, லாஹூல் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு அது அன்றாடத் தேவை. தமிழ்நாட்டில் உறைபனி என்றால் முதலில் நீலகிரிதான். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் ஊட்டியின் தலைகுந்தா, காந்தல் பக்கப் புல்வெளிகள் வெள்ளையாக இருக்கும். வெயில் வந்ததும் உருகிவிடும். இறுகி முதிர்ந்த கான்கிரீட்டை அது ஒன்றும் செய்யாது. முந்தின நாள் மாலை போட்ட கான்கிரீட்டுக்குத்தான் ஆபத்து.

ஏனென்றால் இளம் கான்கிரீட் பச்சைக்குழந்தை மாதிரி. குளிரில் சிமெண்டின் வினையே மந்தமாகிவிடும். 5 டிகிரிக்குக் கீழே மிகவும் மந்தம். சுமார் 3.5 மெகாபாஸ்கல் வலிமை வருவதற்கு முன் ஒரே ஒரு முறை உறைந்துவிட்டாலும், பிறகு எவ்வளவு சீராட்டினாலும் இறுதி வலிமையில் பாதி வரை போய்விடக்கூடும். ஐ.எஸ். 7861 என்ற இந்தியத் தரநிலை இரண்டு பாகமாக இருப்பது பொருத்தமானது. ஒரு பாகம் 40 டிகிரிக்கு மேல் வேலை செய்வதற்கு, இன்னொன்று 5 டிகிரிக்குக் கீழே. ஒரே நாட்டில் இரண்டும் நடக்கிறது. குளிரில் வெந்நீரில் கலக்கிறார்கள், தளத்தைப் பஞ்சு வைத்த போர்வையால் மூடுகிறார்கள், உறைந்த மண்ணின் மேல் ஒருபோதும் கொட்டுவதில்லை. கால்சியம் குளோரைடு போட்டால் சீக்கிரம் இறுகும். ஆனால் உள்ளே கம்பி இருந்தால் துருவுக்கு அழைப்பு விடுத்தது போலாகும். ஒன்டாரியோவில் இலையுதிர் காலம் முற்றுவதற்கு முன்பே வாசல் தளத்தை முடித்துவிட நினைப்பதற்குக் காரணம் இதுதான். தளம் முதிர்ந்தால் மட்டும் போதாது, முதல் உறைபனி வருவதற்குள் அதன் துளைகளில் இருக்கும் தண்ணீர் ஓரளவு வற்றவும் நாள் வேண்டும்.

தளத்துக்கு மேலே நடப்பது இவ்வளவு. அடியில் நடப்பது இன்னும் விநோதம். குளிர்நாட்டில் மண் உறையும்போது தளம் மேலே தூக்கப்படும். தண்ணீர் 9 சதவீதம் விரிவதுதான் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த நம்பிக்கையை ஓர் அழகான சோதனையால் உடைத்தார். உறையும்போது விரியாமல் சுருங்கும் திரவமான பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். மண் அப்போதும் மேலே எழுந்தது. நடப்பது இதுதான்: உறையும் இடம் அடியிலிருந்து தண்ணீரைத் திரி எண்ணெய் உறிஞ்சுவது போல மேலே இழுக்கிறது, அந்தத் தண்ணீர் படலம் படலமாகப் பனித் தகடாகிறது, தகடு தடிக்கத் தடிக்கத் தளம் தூக்கப்படுகிறது. வண்டல் மாதிரி நுண்ணிய மண் இதற்குத் தோது. டொரன்டோவில் மண் சுமார் 1.2 மீட்டர் ஆழம் வரை உறையக்கூடும் என்று கணக்கு வைத்து அடித்தளம் தோண்டுகிறார்கள். வாசல் தளத்துக்கு அவ்வளவு தோண்ட முடியாது. அதனால் மேல் மண்ணை எடுத்துவிட்டு, நொறுக்குக் கல்லை அரை அடியாவது கொட்டி, படிப்படியாக அதிர்வு மெஷினால் இறுக்குகிறார்கள். கற்களுக்கு இடையில் திரி வேலை நடக்காது, தண்ணீர் வடிந்துவிடும்.

கான்சாபுரத்தில் மண் உறையாது. ஆனால் விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல். மழையில் புளித்த மாவு போல உப்பி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண் அது. மலையடிவாரத்தில் செம்மண் இருந்தாலும், கிழக்கே போகப் போக வீட்டு வாசல்கள் தூக்கப்படுவதும் அமுங்குவதும் வழக்கம். பனித் தகடு செய்யும் அதே வேலையை இங்கே களிமண்ணின் படலங்களுக்குள் புகும் தண்ணீர் செய்கிறது. மருந்தும் ஏறக்குறைய ஒன்றே. கரிசலை முடிந்த ஆழம் தோண்டி எடுத்துவிட்டு, கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, அடுக்கடுக்காகத் திமிசு போட வேண்டும். ஒரே நாளில் ஓரடிக் கிராவலைக் கொட்டி மேலாக மட்டும் திமிசு போட்டால் அடியில் இறுகாது. இந்த இடத்தில் செலவைச் சுருக்குகிறவர்கள்தான் அதிகம், கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால். தளம் பாளம் பாளமாக உடைவது பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தடிமன் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. தளத்தின் வளையும் வலிமை தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 4 அங்குலத்தை 5 ஆக்கினால் கான்கிரீட் கால்பங்கு கூடுகிறது, தாங்கும் திறன் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. கார் மட்டும் நிற்கும் வாசலுக்கு 4 போதும். தேங்காய் லோடு ஏற்றிய வண்டியோ டிராக்டரோ ஏறி இறங்கும் தோப்பு வீடு என்றால் 5 அல்லது 6 அங்குலம் போடுவதே சரி.

கான்கிரீட் இறுகும்போது சுருங்கும். சுருங்கினால் விரிசல் விட ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை நாமே தேர்ந்து கொடுத்துவிட வேண்டும். 4 அங்குலத் தளத்துக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு கோடு, தடிமனில் கால்பங்கு ஆழம். மறுநாளே ரம்பத்தால் அறுக்கலாம், அல்லது ஈரமாக இருக்கும்போதே நூல் பிடித்துக் கரணையால் அழுத்திக் கோடு போடலாம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பெல்ஃபோன்டெய்ன் என்ற சிற்றூரில் ஜார்ஜ் பார்த்தலமியூ 1891இல் போடத் தொடங்கிய கான்கிரீட் தெருதான் அந்த நாட்டின் முதல் கான்கிரீட் தெரு. கையால் கலந்து, 5 அடிச் சதுரங்களாகப் போட்டார். ஒஹையோவின் பனிக்காலங்களைத் தாண்டி, அந்தப் பழைய தளத்தின் ஒரு பகுதி நூறாண்டுக்கு மேலாகியும் அங்கே கிடக்கிறது. அந்தக் காலத்தில் காற்றுக் குமிழி மருந்தும் இல்லை, ரெடிமிக்ஸும் இல்லை. நல்ல கலவை, அளவான தண்ணீர், சின்னச் சின்னக் கட்டங்கள், நின்று கவனித்த ஓர் ஆள், இவ்வளவுதான்.

இப்போது கொத்தனாரின் கைக்கு வருவோம். தளத்தின் வாழ்வு தாழ்வு மேலே உள்ள ஒரு சில மில்லிமீட்டரில் இருக்கிறது. கொட்டிச் சமன் செய்த கொஞ்ச நேரத்தில் கனமான ஜல்லி கீழே அமர, தண்ணீர் மேலே கசிந்து வந்து மினுங்கும். அந்த மினுக்கம் போகும்வரை காத்திருக்க வேண்டும். பல இடங்களில் நடப்பது வேறு. மேலே நின்ற தண்ணீரில் சிமெண்ட் பொடியைத் தூவி, மணியாஸ் கட்டையால் தேய்த்து, கரணையால் மழுமழுவென்று பூசிவிடுவார்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அந்தத் தோலில் தண்ணீர் மிக அதிகம், அடியில் கசிய முடியாமல் சிக்கிய தண்ணீர் வேறு. கான்சாபுரத்தில் அது மாவாக உதிரும் தோல். ஸ்கார்பரோவில் அது முதல் பனிக்கே உரியும் தோல். குளிர்நாட்டில் வெளித் தளத்தை வழுவழுப்பாகத் தேய்ப்பதையே தவிர்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்க மேலே உள்ள காற்றுக் குமிழிகள் வெளியேறிவிடும். மரக்கட்டையால் சமன் செய்து, விளக்குமாற்றை ஒரே திசையில் மெல்ல இழுத்துக் கோடு போட்டு விட்டுவிடுகிறார்கள். வழுக்காமலும் இருக்கும். நம் ஊர்ச் சரிவு வாசல்களில் தென்னை விளக்குமாற்றால் கோடு இழுக்கும் பழக்கம் முன்பே இருக்கிறது. கூடவே ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் தெருவைப் பார்த்து இருந்தால் மழைத் தண்ணீர் தேங்காது. தேங்காத தண்ணீர் துளைக்குள் இறங்காது.

பனி நாட்டில் இன்னொரு பகைவன் உப்பு. பனியை உருக்க நகராட்சி தெருவில் தூவும் உப்பு, கார்ச் சக்கரத்தோடு வாசலுக்கு வந்துவிடும். வெர்பெக், கிளீகர் என்ற இருவர் 1957இல் ஆராய்ந்து சொன்ன முடிவு இன்றைக்கும் வியப்பூட்டுகிறது. அடர்ந்த உப்புக் கரைசலைவிட, 3 சதவீதம் போன்ற நீர்த்த கரைசல்தான் தோலை அதிகம் உரிக்கிறது. மேலே உறையும் உப்புப் பனிப் படலம் தோலோடு ஒட்டிக்கொண்டு சுருங்கி வெடிக்கும்போது, தோலையும் பெயர்த்துக்கொண்டு வருகிறது என்று பிற்கால ஆய்வுகள் விளக்கின. அதனால் புதுத் தளத்தில் முதல் பனிக்காலத்தில் உப்பே போடாமல், வழுக்காதிருக்க மணலைத் தூவச் சொல்கிறார்கள்.

கான்சாபுரத்துக்கு உப்பும் இல்லை, உறைபனியும் இல்லை, காற்றுக் குமிழி மருந்தும் வேண்டியதில்லை. இங்கே பகைவன் ஆடிக்காற்று. வெயில், கலவையின் சூடு, காற்றின் வேகம் மூன்றும் சேர்ந்து ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்கினால், இறுகும் முன்பே தோல் சுருங்கி வெடிக்கும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் எல்லை. இதைத் தடுக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு மாலையில் கொட்டலாம். ஜல்லிக் குவியலை முன்கூட்டியே நனைத்து நிழலில் வைக்கலாம். காற்று வரும் மேற்குப் பக்கம் பச்சை வலையோ தார்ப்பாயோ கட்டலாம். சமன் செய்த உடனே பாலித்தீன் தாளால் மூடிவிடலாம்.

மறுநாள் காலை பாத்தி கட்டும் வேலை. தளத்தின் ஓரங்களில் சாந்தால் இரண்டு விரல் உயரத்துக்கு வரப்பு எழுப்பி, உள்ளே தண்ணீர் நிறுத்துவது. வாட்டமாக இருப்பதால் ஒரு பக்கம் தண்ணீர் நிற்காது. அங்கே வைக்கோலோ சாக்கோ பரப்பி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் என்கிறது. உலர்ந்து சூடான பருவத்திலும், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டிலும் 10 நாள். இன்று கடையில் வீடுகளுக்கு விற்பது பெரும்பாலும் பி.பி.சி. என்பதால் 10 நாளையே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தெளித்துவிட்டுப் போவது இதில் சேராது. நடுப்பகலில் சாக்கு காய்ந்தால் வினையும் அங்கேயே நின்றுவிடும். கலக்கும்போது தாராளமாக ஊற்றிய கை, இறுகிய பிறகு தண்ணீரை மிச்சம் பிடிப்பதுதான் நம் ஊர் வாசல்களின் பெரிய சோகம். சட்டியில் குறைய வேண்டியதும் பாத்தியில் நிற்க வேண்டியதும் இடம் மாறிப் போய்விடுகின்றன.

போட்டு ஒரு மாதம் ஆன தளத்தை, அது கான்சாபுரத்தில் இருந்தாலும் ஸ்கார்பரோவில் இருந்தாலும், யாரும் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த ஓர் இடத்தைத் துடைத்துவிட்டு, டம்ளரிலிருந்து விரலால் சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். சொட்டு விழுந்த கையோடு கறுத்துப் பரவி உள்ளே இறங்கிவிட்டால் பாதைகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. அந்தத் தளத்தை மறுபடி சில நாள் நனைத்துப் பார்க்கலாம், பனி நாட்டில் என்றால் குளிருக்கு முன் தண்ணீரைத் தடுக்கும் சீலர் பூசலாம். சொட்டு முத்தாக மேலேயே நின்று, காற்று வந்து மெல்ல மெல்லத் துடைத்துக்கொண்டு போகும்வரை அப்படியே இருந்தால், கலக்கிய அன்று அந்த மெஷினில் பெரும்பாலும் கூடுதல் வாளி கவிழ்ந்திருக்காது.